சவரக்கத்திக்கு இயற்கை இறுதிக்கல்: எண்களை விட்டுக் கல்லைப் பார்ப்பது எப்படி?

மடக்குச் சவரக்கத்தியைத் தாமே தீட்டிச் சவரம் செய்துகொள்ள விரும்பும் இளைஞர்கள் அவ்வப்போது என்னிடம் வருவதுண்டு. கையில் ஒரு பழைய கத்தியும் புதிதாக வாங்கிய ஒரு கல்லும் இருக்கும். பேச்சு தொடங்கியதும் அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இந்தக் கல் எத்தனை ஆயிரம்? எண் கூடக் கூடக் கல் நுண்மையானது என்பது அவர்கள் கணக்கு. சென்ற ஆண்டு தக்கலைப் பக்கமிருந்து வந்த ஒருவர், பன்னிரண்டாயிரம் என்று எண்ணிட்டு விற்கப்பட்ட கருஞ்சாம்பல் நிறக் கல்லில் நான்கு நாள் மாலைதோறும் தீட்டியும் கத்தி தாடியில் இறங்கவில்லை என்றார். "அண்ணா, கல்லு கொள்ளாதா (நல்லதில்லையா)?" என்று அவர் கேட்டபோது, கல்லில் குறையே இல்லை என்பதை அவருக்கு விளங்க வைக்க அரை நாள் ஆயிற்று. அந்த அரை நாளில் பேசியவற்றை, இதே குழப்பம் உள்ள பிறருக்கும் உதவும் என்று கருதி ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில் இரண்டு சொற்கள். கத்தி தீட்டும் வரிசையில் கடைசியாக, தோல்வாரில் (கத்தியை இழுத்து வாயைச் சீராக்கும் தோல் பட்டையில்) இழுப்பதற்கு முன்பாகப் பயன்படும் கல்லை இறுதிக்கல் என்கிறேன். இயற்கைக்கல் என்பது பாறையிலிருந்து அறுத்தெடுத்தது. செயற்கைக்கல் என்பது ஓர் அளவாகப் பிரித்தெடுத்த தேய்ப்புத் துகளை ஒட்டுப்பொருளோடு சேர்த்து ஆலையில் செய்தது. நம் ஊர் முடிதிருத்தும் நிலையங்களில் இன்று பாதியாக ஒடித்த பிளேடை மாட்டும் கத்தியே புழங்குகிறது. நோய்த்தொற்றைத் தடுக்க அதுவே சரியான ஏற்பாடு. இங்கே பேசப்படுவது ஒருவர் தமக்கென்று மட்டும் வைத்துக்கொள்ளும், தீட்டித் தீட்டிப் பயன்படுத்தும் எஃகுக் கத்தியைப் பற்றியது. அதை இன்னொருவருடன் பகிர்ந்துகொள்ளக் கூடாது.

கூர்மை எங்கே இருக்கிறது?

ஓட்டு வீட்டின் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கத்துச் சரிவுகளும் மேலேறி வந்து ஒன்றையொன்று தொடும் இடத்தில் முகடு உண்டாகிறது. சரிவுகள் முழுவதும் ஏறாமல் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு நின்றுவிட்டால், ஓடுகளை எவ்வளவு துடைத்துப் பளபளப்பாக்கினாலும் அங்கே முகடு வராது. கத்தியின் வாயும் இப்படித்தான். இரு பக்கங்களிலும் கல் தேய்த்து உண்டாக்கும் ஒடுங்கிய சரிவுப் பட்டைக்குச் சாய்முகம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இரண்டு சாய்முகங்களும் கத்தியின் நுனி முதல் அடி வரை ஓரிடம் விடாமல் சந்திக்கும் கோடே வாய். அந்தச் சந்திப்பின் அகலம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு அது கூர்மை.

அளவு தெரிந்தால் இது இன்னும் தெளிவாகும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு மைக்ரான். மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். சவரம் செய்யத் தகுந்த வாயின் அகலமோ ஒரு மைக்ரானுக்கும் கீழே. வெறுங்கண்ணால் பார்த்தால் மழுங்கிய வாயும் கூரிய வாயும் ஒன்றுபோலவே தோன்றுவதற்கு இதுவே காரணம்.

சவரக்கத்தியில் ஒரு வசதி உண்டு. அதன் முதுகு தடித்தும் வாய் மெலிந்தும் இருப்பதால், கல்லில் படுக்க வைத்தால் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லைத் தொடும். சமையல் கத்தியைத் தீட்டும்போது கோணத்தைக் கைதான் பிடித்து நிறுத்த வேண்டும். சவரக்கத்தியில் கோணத்தைக் கத்தியின் வடிவமே முடிவு செய்துவிடுகிறது. பெரும்பாலான சவரக்கத்திகளில் இரு சாய்முகங்களும் சேர்ந்து உண்டாக்கும் கோணம் ஏறத்தாழ 16 அல்லது 17 பாகை. ஆகவே புதிதாகப் பழகுபவர் கோணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. முதுகைக் கல்லிலிருந்து தூக்காமல், கத்தியின் எடைக்கு மேல் அதிகம் அழுத்தாமல் இழுத்தால் போதும்.

தக்கலை இளைஞரின் கத்தியில் நடந்தது இதுதான். சாய்முகத்தின் மேல் மார்க்கர் பேனாவால் கறுப்பு மை பூசி, கல்லில் இரண்டு முறை இழுத்துப் பார்த்தோம். முதுகை ஒட்டிய பகுதியில் மை போயிற்று. வாயை ஒட்டி நூலிழை அகலத்துக்கு மை அப்படியே நின்றது. அதாவது, நான்கு நாளாகக் கல் அவருடைய கத்தியின் வாயைத் தொடவே இல்லை. சரிவுகள் சந்திக்காத கூரைக்கு அவர் ஓடு துடைத்துக்கொண்டிருந்தார். 1000 எண்ணுள்ள செயற்கைக்கல்லில் இருபது நிமிடம் தேய்த்து, மை வாய் வரை ஒரே சீராக அழிவதைப் பார்த்த பிறகு மற்ற கற்களுக்குப் போனோம். இறுதியில் அவருடைய அதே "பன்னிரண்டாயிரம்" கல்லே வேலையை முடித்துக் கொடுத்தது.

இறுதிக்கல்லுக்கு உரிய வேலை எது?

தீட்டுதலில் மூன்று வேலைகள் உள்ளன. முதலாவது, சாய்முகங்களைச் சந்திக்க வைப்பது. இதற்கு 1000 எண்ணுள்ள கல் பொதுவாகப் போதும். இரண்டாவது, அந்தக் கல் விட்டுச்சென்ற ஆழமான கீறல்களை 4000, 8000 என்று நுண்மை கூடிய கற்களால் படிப்படியாகக் குறைப்பது. மூன்றாவது, எஞ்சியிருக்கும் நுண்கீறல்களையும் வாயில் தொங்கும் பிசிறையும் நீக்கி, தோலுக்கு இதமான வாயாக அதை ஆக்குவது. பிசிறு என்பது, தேய்ப்பின்போது வாயிலிருந்து முழுவதும் அறுபடாமல் ஒரு பக்கமாக மடிந்து நிற்கும் மிக மெல்லிய எஃகு இழை.

இறுதிக்கல்லின் பொறுப்பு மூன்றாவது வேலை மட்டுமே. அது எடுக்கும் எஃகு மிகச் சிறிதளவு. அதனால்தான் முதலிரண்டு வேலைகளை அதன் தலையில் ஏற்றினால் நாட்கணக்கில் இழுத்தாலும் பயன் கிடைப்பதில்லை. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், விலை உயர்ந்த கல்லை வாங்கிவிட்டு ஏமாந்தோம் என்று வருந்துபவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வருத்தம் நேராது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: இரு சாய்முகங்களும் முழு நீளத்துக்கும் சந்திப்பதே கூர்மை. அதை உண்டாக்குவது 1000 எண்ணுள்ள முதற்கல். சீராக்கி முடிப்பது இறுதிக்கல். மை பூசிப் பார்க்கும் சோதனையில் தேறாத கத்தியை இறுதிக்கல்லுக்குக் கொண்டுபோகக் கூடாது.

கல் எஃகைத் தேய்ப்பது எப்படி?

இயற்கைக்கல்லைத் தேர்ந்தெடுக்க விரும்புபவர் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டிய பகுதி இதுவே என்பதால் இதைச் சற்று விரித்தே சொல்கிறேன்.

நம் குமரி மாவட்டத்தில் பனையேறிகள் பாளை சீவும் அரிவாளைத் தீட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு மரப்பலகையில் வெள்ளைக்கல்லின் பொடியைத் தூவி, அதன் மேல் அரிவாளை இழுப்பார்கள். மரம் எஃகைத் தேய்ப்பதில்லை, தேய்ப்பது பொடி. ஆனால் மரம் இல்லாமலும் நடக்காது. மரம் பொடியைத் தன்னுள் சற்று அமிழ விட்டுப் பிடித்துக்கொள்வதால் ஒவ்வொரு துகளின் முனையும் கொஞ்சமே வெளியே நீட்டி நிற்கிறது, கீறலும் ஆழமாக விழுவதில்லை. அதே பொடியைக் கண்ணாடியின் மேல் தூவி இழுத்தால் துகள்கள் உருண்டு வாயைக் குத்திச் சிதைக்கும். இயற்கைத் தீட்டுக்கல்லும் இந்தப் பலகையைப் போன்றதே. அதில் கடினமான துகள் ஒன்று உண்டு. அத்துகளைப் பிடித்து வைத்திருக்கும் மென்மையான பொருள் ஒன்றும் உண்டு. பின்னதை இனி பிடிமானம் என்று குறிப்பிடுகிறேன்.

துகளின் பருமனைப் போலவே அதன் வடிவமும் கீறலின் ஆழத்தை முடிவு செய்கிறது. கோதையாற்றில் உருண்டு தேய்ந்த கூழாங்கல் ஒன்றையும், அதைவிடச் சிறிய உடைந்த கண்ணாடிச் சில்லு ஒன்றையும் எடுத்து ஒரே பலகையில் தேய்த்துப் பாருங்கள். பெரிய கூழாங்கல் மெல்லிய தடத்தையே விடும். சிறிய சில்லோ பலகையைக் கிழித்துவிடும். ஆகவே, பெரிய துகளுள்ள கல் கரடாகவும் சிறிய துகளுள்ள கல் நுண்மையாகவும்தான் வெட்டும் என்று ஒரே அடியாகச் சொல்லிவிட முடியாது.

மூன்றாவது, கல்லின் மேற்பரப்பு. இதற்கு அம்மியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அம்மி கொத்துபவர் கொத்திவிட்டுப் போன மறுநாள் அரைத்த தேங்காய்ச் சம்மந்தியில் (துவையலில்) கரகரப்பு இருக்கும். பல மாதம் தேய்ந்த பிறகு அதே அம்மி வெண்ணெயாக அரைக்கும், ஆனால் அரைக்க நேரமும் பிடிக்கும். கல் மாறவில்லை, அதன் முகம் மாறியிருக்கிறது. கடினமான இயற்கைத் தீட்டுக்கற்களும் இப்படியே நடந்துகொள்கின்றன. வைரத்துகள் பதித்த கரடான தகட்டில் புதிதாகத் தேய்த்த கல் வேகமாக வெட்டும்; பயன்படுத்திப் பயன்படுத்தி வழுவழுப்பான கல் மெதுவாகவும் நுண்மையாகவும் வெட்டும்.

நான்காவது, கல்லுக்கும் கத்திக்கும் நடுவில் இருக்கும் நீர்மம். கல்லின் மேல் அதே இனத்துச் சிறு கல்லைத் தண்ணீர்விட்டுத் தேய்த்தால் பால் போன்ற ஒரு குழம்பு உண்டாகும். இதைக் கற்குழம்பு என்போம். இது பலகையில் கூடுதலாகப் பொடி தூவுவதற்கு ஒப்பானது. துகள் நிறைய இருப்பதால் எஃகு வேகமாகத் தேயும். ஆயினும் மிதக்கும் துகள்கள் வாயின் மேலேயே வந்து மோதுவதால் கூர்மை ஓர் எல்லைக்கு மேல் ஏறாது. அதனால் கெட்டியான குழம்பில் தொடங்கி, சில இழுப்புகளுக்கு ஒருமுறை ஒரு துளி தண்ணீர் சேர்த்து அதை மெல்ல மெல்ல நீர்க்கச் செய்து, கடைசியில் தெளிந்த தண்ணீரில் முடிப்பார்கள். ஒரே கல்லை இரண்டாவது வேலைக்குரிய நடுக்கல்லாகவும் இறுதிக்கல்லாகவும் பயன்படுத்த முடிவது இந்த வழியால்தான்.

துகள், பிடிமானம், மேற்பரப்பு, நீர்மம் ஆகிய நான்கும் சேர்ந்தே ஓர் இயற்கைக்கல் தரும் வாயை முடிவு செய்கின்றன. முதல் இரண்டும் கல்லோடு பிறந்தவை. பின்னிரண்டும் பயன்படுத்துபவரின் கையில் இருக்கின்றன.

எண் ஏன் பொருந்துவதில்லை?

செயற்கைக்கல்லில் எழுதப்பட்ட எண்ணுக்குப் பொருள் உண்டு. துகளை ஆலையில் அளவு பார்த்துப் பிரித்து, அந்த அளவுக்கு ஏற்ப எண் கொடுக்கிறார்கள். 1000 எண்ணுள்ள கல்லில் துகள் பத்துப் பதினைந்து மைக்ரான் அளவிலும், 8000 எண்ணுள்ள கல்லில் ஒன்றிரண்டு மைக்ரான் அளவிலும் இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் சிறிது வேறுபட்டாலும் வரிசை மாறுவதில்லை.

இயற்கைக்கல்லை யாரும் சலித்துச் செய்யவில்லை. ஒரே சுரங்கத்தில் ஒரே படிவத்தில் அடுத்தடுத்து வெட்டிய இரண்டு துண்டுகளே வேறு வேறாக நடந்துகொள்ளலாம். அதன் மேல் ஒட்டப்படும் எண், இந்தக் கல் தரும் வாய் இன்ன செயற்கைக்கல் தரும் வாய்க்கு நிகர் என்று விற்பவர் செய்த ஒரு மதிப்பீடு மட்டுமே. பெல்ஜியத்தின் மஞ்சள் கல்லில் உள்ள துகளின் பருமனை மட்டும் கணக்கிட்டால் அதற்கு ஆயிரத்தை ஒட்டிய எண்தான் கொடுக்க வேண்டியிருக்கும். ஆனால் நூற்றாண்டுகளாக அதில் தீட்டிய கத்தியால் மக்கள் இதமாகச் சவரம் செய்து வந்திருக்கிறார்கள். எண்ணுக்கும் வாய்க்கும் இயற்கைக்கல்லில் நேரடித் தொடர்பு இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

குமரிக் கடற்கரையின் சிவந்த மணலும் ஆர்டென் மலையின் மஞ்சள் கல்லும்

கன்னியாகுமரிக்கு வருபவர்கள் பொட்டலங்களில் வாங்கிச் செல்லும் பல நிற மணலை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். குமரியம்மனின் திருமணம் நின்றுபோனதால் சமைக்க வைத்திருந்த அரிசியும் பருப்பும் மணலாக மாறின என்ற கதையையும் கேட்டிருக்கிறோம். அந்த மணலில் கறுப்பு நிறம் பெரும்பாலும் இல்மனைட், சிவப்பு நிறம் கார்னெட். மணவாளக்குறிச்சியில் உள்ள அருமணல் ஆலை கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கும் கனிமங்களில் கார்னெட்டும் ஒன்று. நவமணிகளில் ஒன்றான கோமேதகமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் கடினத்தன்மை எஃகைத் தேய்க்கப் போதுமானது என்பதால் உப்புத்தாள் செய்யவும், அதிவேக நீர்த்தாரையோடு கலந்து உலோகத் தகடுகளை அறுக்கவும் கார்னெட் பயன்படுகிறது.

பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வியல்சால்ம், லியெர்னே ஆகிய ஊர்களை ஒட்டிக் கிடைக்கும் கோட்டிகூல் என்னும் மஞ்சள் கல்லில் எஃகைத் தேய்ப்பதும் கார்னெட்டே. இதை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. கல்லின் கனஅளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கார்னெட். மீதியில் பெரும்பகுதி மென்மையான அபிரக வகை. அதுவே பிடிமானம்.

அப்படியானால் நம் ஊர்ப் பாறையையே அறுத்துத் தீட்டுக்கல் செய்யலாமே என்று கேட்கத் தோன்றும். என்னிடம் பலரும் கேட்டிருக்கிறார்கள். முடியாது, காரணம் பருமன். கடற்கரை மணலில் உள்ள கார்னெட் மணிகள் நூறு, இருநூறு மைக்ரான் அளவில் இருக்கின்றன. அவை உதிர்ந்து வந்த நம் மலைப்பாறைகளிலோ கண்ணுக்குத் தெரியும் சிவப்புப் புள்ளிகளாகவே நிற்கின்றன. கோட்டிகூலில் உள்ள கார்னெட் படிகங்களோ 5 முதல் 20 மைக்ரான் வரை மட்டுமே. நம் மாவட்டத்தின் சார்னோக்கைட், கோண்டலைட் பாறைகள் பூமியின் வெகு ஆழத்தில் கடும் வெப்பத்தில் வெந்தவை; அந்த வெப்பத்தில் படிகங்கள் பெரிதாக வளர்ந்துவிட்டன. சிலை செய்யவும் அம்மி செய்யவும் அவை உயர்ந்தவை என்பதற்கு மயிலாடிச் சிற்பிகளின் உளியே சான்று. தீட்டுக்கல்லுக்கு வேண்டியது இதற்கு நேர்மாறான வரலாறு. கடலடியில் படிந்த மிக நுண்ணிய சேறு, இறுகிக் கல்லாகும் அளவுக்கு மட்டும் அழுத்தமும் வெப்பமும் பெற்று, படிகங்கள் பெரிதாவதற்கு முன்பே நின்றுவிட வேண்டும். அப்படி நேர்ந்த இடங்கள் உலகில் குறைவு.

படிகத்தின் வடிவத்தையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். கார்னெட் இயல்பாகப் பன்னிரண்டு முகம் கொண்ட, கிட்டத்தட்ட உருண்டையான படிகமாக வளரக்கூடியது. முன்பு சொன்ன கூழாங்கல்லைப் போல அது எஃகில் அகலமான, ஆழமற்ற தடத்தை விடுகிறது. பருமனான துகளிலிருந்து இதமான வாய் கிடைப்பதன் விளக்கம் இதுவே.

புகழ்பெற்ற நான்கு கற்கள்

கோட்டிகூலைப் பற்றி மேலே சொன்னதோடு சிறிது சேர்த்தால் போதும். அதன் படிவம் மெல்லியது, எளிதில் உடையக்கூடியது; எனவே பெரும்பாலான துண்டுகளை ஸ்லேட் எனப்படும் பலகைக்கல்லின் மேல் ஒட்டி விற்கிறார்கள். இன்றும் சுரங்கத்திலிருந்து எடுக்கப்படுவதால் புதிய கல்லாகவே வாங்கலாம். செவ்வகமாக அறுத்த கல்லைவிட, ஒழுங்கற்ற வடிவில் உள்ள சிறு துண்டுகள் விலை குறைவு. வேலையில் வேறுபாடு இல்லை. குழம்போடு நடுக்கல்லாகவும் தண்ணீரோடு இறுதிக்கல்லாகவும் பயன்படுவது இதன் பெரிய நன்மை.

ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்தில் எடுக்கப்பட்ட பலகைக்கல் வகை, ஒரு காலத்தில் உலகெங்கும் முடிதிருத்துநர்களிடம் இருந்தது. எஷர் என்ற பெயர்ச்சீட்டு ஒட்டிய பழைய கற்களுக்கு இன்றும் பெருமதிப்பு உண்டு. மென்மையான பிடிமானமும் மிக நுண்ணிய துகளும் கொண்ட இக்கல் பழகுபவரின் சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டதால் பழைய கற்கள் மட்டுமே கைமாறி வருகின்றன. விலையும் அதற்கேற்ப ஏறிவிட்டது. புதிதாகத் தொடங்குபவர் இதைத் தேடி அலைய வேண்டாம் என்பதே என் கருத்து.

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் வாஷிட்டா மலைகளில் கிடைக்கும் நோவாக்குலைட் முற்றிலும் வேறு இனம். இது கிட்டத்தட்ட முழுவதும் குவார்ட்ஸ் என்னும் கனிமத்தின் நுண்படிகங்களால் ஆனது. தனியாகப் பிடிமானம் என்று எதுவும் இல்லை, துகள்கள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தே நிற்கின்றன. மென்கல், வன்கல், கறுப்பு, ஒளி ஊடுருவும் கல் என்று பல பெயர்களில் விற்கப்பட்டாலும் இவற்றை முதன்மையாக வேறுபடுத்துவது அடர்த்தியே. சவரக்கத்தியின் இறுதி வேலைக்குக் கறுப்பும் ஒளி ஊடுருவுவதுமே ஏற்றவை. அம்மியைப் பற்றிச் சொன்னது அப்படியே பொருந்துவது இந்தக் கல்லுக்குத்தான்: முகத்தை நன்றாக வழுவழுப்பாக்கிய பிறகே இது நுண்மையாக வெட்டும். குழம்பு தராது, மெதுவாகவே வேலை செய்யும், ஆனால் எளிதில் தேயாது. ஒருவரின் வாழ்நாளுக்கு ஒரு கல் போதும். எண்ணெயோடு பயன்படுத்துவது வழக்கம். நம் வீடுகளில் எளிதாகக் கிடைக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை விட்டுவிடாதீர்கள். தாவர எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துக் கல்லின் முகத்தை அடைத்துவிடும். தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய் நன்றாக உதவும். ஒருமுறை எண்ணெய் ஊறிய கல்லில் பிறகு தண்ணீர் சரியாக நிற்காது என்பதால், எது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஜப்பானின் கியோட்டோவைச் சுற்றிய மலைகளில் எடுக்கப்பட்ட கற்கள் நான்காவது வகை. நாகயாமா என்ற சுரங்கப் பெயர் இவற்றில் புகழ்பெற்றது. நுண்ணிய குவார்ட்ஸ் துகள் களிமண் இனப் பிடிமானத்தில் பதிந்திருக்கும். சவரக்கத்திக்கு மிகக் கடினமான துண்டுகளையே தேர்ந்தெடுப்பார்கள்; அவை தாமாகக் குழம்பு தராதவை என்பதால் நகுரா எனப்படும் சிறு கல்லைத் தேய்த்துக் குழம்பு உண்டாக்குவது வழக்கம். இவை தரும் வாயின் தரத்தில் எனக்கு ஐயமே இல்லை. ஆனாலும் துண்டுக்குத் துண்டு வேறுபாடு மிகுதி, விலையும் மிகுதி. கல்லைக் கையில் எடுத்துத் தீட்டிப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்து வாங்குவது தொடக்கநிலையாளருக்கு உகந்ததன்று.

இவற்றைத் தவிர, சீனாவின் குவாங்சியிலிருந்து வரும் கருஞ்சாம்பல் கல் ஒன்று குறைந்த விலையில் கிடைக்கிறது. தக்கலை இளைஞரிடம் இருந்தது அதுவே. மெதுவாக வெட்டும், பொறுமையோடு பயன்படுத்தினால் நல்ல வாய் தரும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

உங்களிடம் ஏற்கெனவே என்ன கற்கள் இருக்கின்றன என்பதிலிருந்துதான் தேர்வு தொடங்க வேண்டும். 1000 முதல் 8000 வரை செயற்கைக்கற்கள் இருந்து, அவற்றில் தீட்டிய கத்தியால் ஓரளவு சவரம் செய்ய முடிகிறது என்றால், மெதுவாக வெட்டும் இறுதிக்கல் எதுவும் உங்களுக்குப் பொருந்தும். குவாங்சிக் கல்லோ ஆர்கன்சாக் கல்லோ போதும். 1000 எண்ணுள்ள ஒரே கல் மட்டும் இருந்தால், நடுவேலையையும் செய்யக்கூடிய கோட்டிகூலே சிக்கனமானது. 1000 எண்ணுள்ள கல்லும் இல்லையென்றால் இறுதிக்கல்லை இப்போது வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் முதற்கல்லை வாங்கி, மை அழியும் சோதனையில் கை தேறும் வரை பழகுங்கள். வரிசையை மாற்றித் தொடங்கியவர்கள் சலிப்படைந்து கத்தியையே ஒதுக்கிவிடுவதைப் பார்த்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கல்லின் பெருமையைவிட அதன் நலத்தைப் பாருங்கள். தண்ணீரில் நனைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் விரிசல்கள் ஈரக்கோடாகத் தெரியும். நிறம் மாறிய கோடுகளின் மேல் ஊசி முனையை மெல்ல இழுத்துப் பாருங்கள். அங்கே மட்டும் ஊசி தடுக்கினால் அக்கோட்டில் கடினமான பொருள் பதிந்திருக்கிறது, அது வாயைப் பழுதாக்கும். தடுக்காத கோடு அழகுக்கு மட்டுமே. நீளம் ஆறு அங்குலமும் அகலம் ஒன்றரை அங்குலமும் இருந்தாலே சவரக்கத்திக்குத் தாராளம். கல்லின் அகலம் கத்தியின் வாயைவிடக் குறைவாக இருப்பதால், அடியிலிருந்து நுனி வரை வாய் முழுவதும் கல்லில் படும்படி ஒவ்வோர் இழுப்பையும் சற்றுக் குறுக்காகக் கொண்டுபோக வேண்டும்.

கல்லை மட்டமாக வைத்திருத்தல்

முதுகும் வாயும் ஒருசேரக் கல்லைத் தொட வேண்டுமானால் கல் மட்டமாக இருக்க வேண்டும். கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டங்கள் போட்டு, தடித்த கண்ணாடியின் மேல் ஒட்டிய நீர் உப்புத்தாளில் தண்ணீர்விட்டுத் தேய்த்தால், கோடுகள் எங்கும் ஒரே சீராக அழியும்போது கல் மட்டமாகிவிட்டது என்று பொருள். இதை ஒருபோதும் உலர்வாகச் செய்யக் கூடாது. இந்தக் கற்களில் பெரும்பாலானவற்றில் குவார்ட்ஸ் உள்ளது. அதன் நுண்துகளைத் தொடர்ந்து மூச்சில் இழுப்பது நுரையீரலுக்குக் கேடு.

வாயைச் சோதித்தல்

முன்கை முடியை மழித்துப் பார்ப்பதும், தொங்கும் தலைமுடியை வெட்டிப் பார்ப்பதும் கத்தி எந்த நிலைக்கு வந்திருக்கிறது என்பதை ஓரளவுக்கே காட்டும். முடியின் தடிமனும் ஈரமும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் அச்சோதனையை வைத்துக் கல்லை எடைபோட முடியாது. உண்மையான சோதனை முகத்தில் நடப்பது மட்டுமே. இறுதிக்கல்லில் இருபது முப்பது இழுப்புகள், பிறகு தோல்வாரில் முதுகு முன்னே செல்லும்படி ஐம்பது அறுபது இழுப்புகள், அதன் பிறகு சவரம். கன்னத்தில் கத்தி முடியைப் பிடித்து இழுத்தால் கூர்மை போதவில்லை; அது பெரும்பாலும் இறுதிக்கல்லுக்கு முந்தைய கல்லில் விட்டுப்போன குறை. முடி தடையின்றி வெட்டுப்பட்டும் சவரத்துக்குப் பின் தோல் எரிந்தால், வாயில் பிசிறோ ஆழமான கீறலோ எஞ்சியிருக்கிறது. அப்போதுதான் இறுதிக்கல்லுக்குத் திரும்பி, அழுத்தம் சிறிதும் இன்றித் தெளிந்த தண்ணீரில் இன்னும் சில இழுப்புகள் இழுக்க வேண்டும்.

இரண்டு கற்களை ஒப்பிட விரும்பினால் ஒரே கத்தியை ஒரு வாரம் ஒரு கல்லிலும் அடுத்த வாரம் மற்றக் கல்லிலும் முடித்துப் பாருங்கள். கத்தியையும் கல்லையும் ஒருசேர மாற்றினால் எதனால் என்ன நேர்ந்தது என்பது தெரியாமல் போகும். எந்தக் கல்லில், எத்தனை இழுப்பு, குழம்போடா தண்ணீரோடா, தோல் எரிந்ததா என்பவற்றை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

கடைசியாக, குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். உப்புக்காற்றில் கார்பன் எஃகு ஓர் இரவிலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். துருவின் முதல் புள்ளி விழுவது மெலிந்த வாயில்தான். கல்லில் அத்தனை பாடுபட்டு முடித்த வாய் இரண்டே நாளில் சவரத்துக்கு உதவாமல் போனால் கல்லைக் குறை கூறும் முன் கத்தியை எங்கே வைத்தீர்கள் என்று பாருங்கள். சவரம் முடிந்ததும் கழுவித் துடைத்து, உலர்ந்த தோல்வாரில் பத்து முறை இழுத்து ஈரத்தைப் போக்கி, மெல்லிய மெஷின் எண்ணெய் தடவி, குளியலறைக்கு வெளியே காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.